கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்

அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ‘தொடவில்லை’, ‘மறுபடி தொடங்கிவிட்டார்’, ‘தொடர்புகொள்ள முடியவில்லை’. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன ஒவ்வொரு பையனின் குடும்பத்துக்கும் முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருட முடிவு என்று நான்கு தடவை போன் செய்து விசாரித்து, இந்த மூன்றில் ஒன்றில் டிக் போட வேண்டும். அதுதான் என் வேலை. இரண்டு வருடங்களுக்கு மேல் அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை. இதுவரை நான்கு பேரிடம்தான் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் இருந்த மையம் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அதற்கு முன் அந்தக் கட்டடம் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டர் நடத்திய ஹாஸ்டல். காலி செய்து போனவர்கள் இரும்பு அடுக்குக் கட்டில்களை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். படிக்கட்டுச் சுவரில் ‘நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்குகிறார்கள், சத்தம் போடாதீர்கள்’ என்று எழுதியிருந்ததை யாரும் அழிக்கவில்லை. கீழ்த்தளத்தில் குடிக்குச் சிகிச்சை எடுக்கும் பெரியவர்கள். மேல் மாடியில் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள். கஞ்சா, வலி மாத்திரை, பஞ்சர் ஒட்டும் பசை என்று ஒவ்வொருவனுக்கும் ஒன்று. நாற்பத்தைந்து நாள் தங்க வேண்டும். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்றபடி காலையில் உடற்பயிற்சி, பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சு, மாலையில் கேரம்.

நான் மணிமங்கலத்துப் பெண். ஒரு காண்ட்ராக்டர் ஆபீசில் ஆறு வருடம் கம்பெனி ஆட்களின் வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலை சலித்துப்போய், அஞ்சல் வழியில் உளவியல் படித்து இந்த மையத்துக்கு வந்தேன். இங்கே மனிதர்களுக்கு உபயோகமாக எதையாவது செய்யப்போகிறேன் என்ற எண்ணம் எனக்கு நிறையவே இருந்தது.

முதல் சில மாதங்கள் ஒழுங்காகத்தான் போன் செய்தேன். பாதி எண்கள் போகவே போகாது. இந்தப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் வேலை மாறினால் வீடு மாறும்; வீடு மாறினால் சிம்மையும் மாற்றும். போனை எடுத்தவர்களும் மையத்தின் பெயரைக் கேட்டதும் ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிடுவார்கள். பக்கத்தில் சொந்தக்காரர்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்களோ என்னவோ. மூன்றாவது கட்டத்தில் டிக் கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் மையத்தை நடத்துகிறவர் என்னைக் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்து மீண்டவர்தான். மோசமான மனிதர் என்று அவரை நான் சொல்ல மாட்டேன். பையன்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

“ஏம்மா, போன் எடுக்கலன்னா கெட்டுப் போய்ட்டான்னு அர்த்தமா? நல்லா ஆயிட்டவன் எதுக்கு நம்ம போன எடுக்கப் போறான்? நம்மள மறக்கணும்னு தானே நெனப்பான்?”

“அதுக்குத்தான் சார் தொடர்புகொள்ள முடியலன்னு போட்டிருக்கேன்.”

“வெளியில இருந்து நம்ம ரிப்போர்ட்டப் படிக்கிறவங்களுக்கு அது தப்பாத் தெரியும்மா. பாத்துப் போடு.”

பொய் எழுது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பாத்துப் போடு என்றார், அவ்வளவுதான். நான் பார்த்துப் போட ஆரம்பித்தேன். முதலில், வீட்டுக்குப் போகும்போது நன்றாக இருந்த பையன்களுக்கு மட்டும் போன் கிடைக்காவிட்டாலும் ‘தொடவில்லை’ என்று போட்டேன். அப்புறம் இரண்டு தடவை மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் போட்டேன். கடைசியில், போன் செய்யாமலே போட்டேன். ஒரு மாதத்துப் படிவங்களை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போன நாட்கள் உண்டு.

அந்த நாட்களில்தான் அவன் வந்து சேர்ந்தான். பதினாறு வயது. பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தான். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கும் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து அழைத்துப் போய்விடும். குன்றத்தூரில் வாடகை வீடு. அம்மா பேசுவது தெற்கத்திப் பேச்சு. பையன் இங்கேயே வளர்ந்தவன் என்பதால் வாயைத் திறந்தால் நம்ம ஊர்ப் பேச்சு. யாரோ கொடுத்த ஒரு வலி மாத்திரையில் ஆரம்பித்தது, ஒரு வருடமாக நிற்கவில்லை.

முதல் வாரம் நடுங்கினான், தூங்காமல் கத்தினான், எல்லோரையும் திட்டினான், என்னையும் சேர்த்து. இரண்டாவது வாரம் கட்டிலை விட்டு எழுந்தான். மூன்றாவது வாரத்தில் மேல் மாடியில் ஓடாமல் கிடந்த இரண்டு மின்விசிறிகளைக் கழற்றிச் சுற்ற வைத்தான். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே யோசிப்பான். மற்ற பையன்கள் வட்டத்தில் உட்கார்ந்தால், எங்களுக்குப் பிடித்ததைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இவன் அப்படிச் சொல்ல மாட்டான். “எனுக்கு இன்னும் ஆசையாத்தான் கீது” என்று பளிச்சென்று சொல்லிவிடுவான்.

வீட்டுக்குப் போக நான்கைந்து நாட்கள் இருக்கும்போது மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். நான் வேறு எதற்கோ மேலே போயிருந்தேன்.

“அக்கா, ஒண்ணு கேட்டா உண்மைய சொல்வீங்களா?”

“கேளுப்பா.”

“இங்கேர்ந்து எங்க வயசுப் பசங்க எத்தினியோ பேரு போயிருக்காங்க. அவங்கள்ல எத்தினி பேரு நெஜமா நல்லா கீறாங்க?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெற்றவர்கள் ‘சரியாயிடுவானா’ என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். இவன் கேட்டது வேறு. எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

“நிறைய பேருப்பா. முக்கால்வாசிப் பேரு நல்லா இருக்காங்க. எங்கிட்ட ரிஜிஸ்டரே இருக்கு” என்றேன்.

“நெஜமாவா?”

“நெஜமா.”

துணியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, “அப்போ எனுக்கும் ஆவும்” என்றான்.

வீட்டுக்குப் போகும் அன்று, எல்லோருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன். மறுபடி ஒரு தடவை தொட்டுவிட்டாலும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதே. மறைக்காதே. உடனே எனக்குப் போன் பண்ணு. அது எங்கள் பாடத்தில் இருக்கிற வாசகம். என் எண்ணை அவன் கை நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

முதல் மாதம் அவனுக்கு உண்மையாகவே போன் செய்தேன். நன்றாக இருந்தான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அம்மா கேண்டீனிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து டிவி பார்ப்பதாகச் சொன்னான்.

மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில், எங்கள் மையத்துக்கு உதவி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. அதற்கான அறிக்கையை நான்தான் தயாரித்தேன். எண்களாக மட்டும் இருந்தால் நன்றாக இருக்காது, ஒரு பையனுடைய கதையைப் பெயர் சொல்லாமல் சேர்த்தால் மனதில் நிற்கும் என்று எனக்கே தோன்றியது. இவன் கதையை எழுதினேன். மின்விசிறிகளைச் சுற்ற வைத்தது, பள்ளிக்கூடம் திரும்பியது, அம்மாவோடு டிவி பார்ப்பது எல்லாம். ‘இன்றுவரை அவன் போதையைத் தொடவில்லை’ என்று முடித்திருந்தேன். அச்சடித்து, அட்டை போட்டு, பத்துப் பிரதிகள் மேசையில் தயாராக இருந்தன.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை பதினொரு மணி இருக்கும். நான் கீழ் ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“அக்கா, நான்தான்க்கா.” குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

“இன்னாப்பா, ஸ்கூல் போலயா?”

“அக்கா, நான் மறுபடியும் போட்டுட்டேன்க்கா. ரெண்டு வாரமா.”

நாற்காலியைக் கீழே வைத்தேன்.

“வீட்ல தெரியுமா?”

“தெரியாது. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். நீங்கதானே சொன்னீங்க, மறைக்காத, ஒடனே போன் பண்ணுன்னு.” கொஞ்சம் நிறுத்தி, “இப்போ பஸ் ஸ்டாண்ட்லதான் கீறேன். வரட்டுமா?” என்றான்.

வா என்று சொல்லியிருக்க வேண்டும். மேல் மாடியில் அன்று இரண்டு கட்டில் காலியாகவே இருந்தன. ஆனால் அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது மேசை மேல் இருந்த பத்துப் பிரதிகளை. நாளைக்கு அவர்கள் மேலே ஏறிப் பார்க்கும்போது, கதையில் வருகிற பையன் கட்டிலில் படுத்து நடுங்கிக்கொண்டிருப்பான்.

“இன்னிக்கு வேணாம்பா. இங்க கொஞ்சம் வேலை. நாளைக்கு சாயங்காலம் நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் தொடாம இரு, சரியா?”

“சரிக்கா. கூப்புடுவீங்கள்ல?”

“கூப்பிடறேன்.”

போனை வைத்துவிட்டு, அவனுடைய மூன்றாம் மாதப் படிவத்தை எடுத்தேன். அன்றோ மறுநாளோ நிரப்ப வேண்டிய படிவம் அது. ‘தொடவில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். தெரியாமல் போட்டவை எத்தனையோ உண்டு. தெரிந்தே போட்டது இது ஒன்று.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். அறிக்கையை நான்தான் வாசித்தேன். இவன் கதை வந்தபோது ஹாலில் சத்தமே இல்லை. வந்திருந்தவர்களில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, “உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் இந்தப் புள்ளைங்க பொழைக்குது” என்றார். நான் சிரித்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அவனைக் கூப்பிடவில்லை. அவர்கள் கிளம்ப நேரமாகிவிட்டது, களைப்பாக இருந்தது, நாளைக்குக் காலையில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். காலையில், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டால் நேற்றுக் கொடுத்த அறிக்கை பொய் என்று ஆகிவிடும். இரண்டு நாள் போகட்டும் என்று விட்டேன். இரண்டு நாள் கழித்து, ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை என்று கேட்பானே என்ற தயக்கம் சேர்ந்துகொண்டது. நாள் ஆக ஆகக் கூப்பிடுவது கஷ்டமாகிக்கொண்டே போனது.

அடுத்த வாரம் அவன் எண்ணிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. அதற்கப்புறம் அவன் அம்மாவின் எண்ணிலிருந்து வந்தது. திரை மேசையில் படும்படி போனைக் கவிழ்த்து வைத்தேன். அது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கு நகர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு மாதம் போல அப்படி அவ்வப்போது வந்து, பிறகு நின்றது. நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்த எல்லாவற்றையும் விட, அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆறாம் மாதப் படிவத்தில் போன் செய்யாமலே டிக் போட்டேன்.

முதல் தடவை அவன் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் நெருங்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் அம்மா அவனை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் வருகிற நாள். முதலில் எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லை. யாரோ ஓட்டிய பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்திருக்கிறான். பன்னிரண்டாவது பாதியிலேயே நின்றுவிட்டது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, அப்பா அடித்து வெளியே அனுப்பி, அம்மா தேடிப் போய்த் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார்.

“பல்லு போனா போவுது டாக்டர், உசுரு இருக்குல்லா” என்றார் அவன் அம்மா.

பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னார் டாக்டர். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

“மூணாவது மாசம் தொடலன்னு இருக்கு. ஆறாவது மாசமும் அப்படித்தான் இருக்கு.” அவனைப் பார்த்து, “எப்பப்பா மறுபடி ஆரம்பிச்ச?” என்றார்.

“மூணு மாசம் ஆறதுக்கு முன்னாடியே சார்.”

“அப்புறம் இதுல எப்படி இப்படி இருக்கு?”

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சட்டைக் காலரை வாய்க்குக் கொண்டுபோனான். கடிக்காமல் விட்டுவிட்டான்.

“நான்தான் பொய் சொன்னேன் சார். அக்கா போன் பண்ணி கேட்டாங்க. நல்லா கீறேன்னு சொல்லிட்டேன்.”

அவன் அம்மா எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தார். “எத்தன பொய்டா சொல்லுவ? ஒன்னய நல்லாக்கணும்னு நெனைக்கிறவங்கட்டயே பொய் சொல்லுதியே, நீ உருப்படுவியா?” என்று அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, “மன்னிச்சுருங்க மேடம். நானும் ஒங்களுக்கு எத்தனையோ வாட்டி போன் போட்டேன், கெடைக்கல. நீங்க வேலையா இருந்திருப்பீய” என்றார்.

நான், “பரவாயில்லம்மா, உக்காருங்க” என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன்.

டாக்டர் கோப்பில் எழுதினார்: பின்தொடர் விசாரணையில் பொய்யான தகவல் தருகிறார், நம்ப முடியாது.

அவனை மறுபடி சேர்த்துக்கொண்டோம். கோப்பில் அப்படி ஒரு வரி இருந்ததால், மேல் மாடியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவன் எதைச் சொன்னாலும் சந்தேகப்பட்டார்கள். வயிற்று வலி என்றால் நடிப்பு என்றார்கள். தூக்கம் வரவில்லை என்றால் மாத்திரைக்குப் போடும் நாடகம் என்றார்கள். நான் கேட்டுக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, அவன் தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கையில் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏன்பா அப்படிச் சொன்ன?”

அவன் நிமிரவில்லை. “உங்க மூஞ்சியப் பாத்தேன்க்கா. பாவமா இருந்துச்சு.”

“நான் கூப்பிடலன்னு உனக்கு கோவம் இல்லையா?”

“இருந்துச்சு. அன்னிக்கு ஃபுல்லா தொடாமத்தான் இருந்தேன். மறுநாளும் இருந்தேன், சாயங்காலம் வரிக்கும்.” தட்டை உதறினான். “இப்போ அத பேசி இன்னாக்கா ஆவப் போவுது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூருக்குப் போய் அவர்கள் வீட்டைத் தேடிப் பிடித்தேன். ஒரே அறை, பின்னால் சின்னச் சமையலறை. அவன் அம்மா கேண்டீன் யூனிஃபார்மை அயர்ன் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மகனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறினார். இல்லை, நன்றாக இருக்கிறான் என்று சொல்லி உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவன் பேசியதை, வேண்டாம் என்று நான் சொன்னதை, டிக் போட்டதை, அவர் எண்ணைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்ததை. கேட்டுக்கொண்டே ஒரே இடத்தில் அயர்ன் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் அவன அறஞ்சேன்லா மேடம்.”

“ஆமாம்மா.”

“நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீய.”

“ஆமாம்மா.”

அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அதை வாங்கிக்கொண்டு போனால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் போயிருந்தேனோ என்னவோ. அவர் என் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இத மனசுல வச்சுக்கிட்டு அவன வெளிய அனுப்பிராதீய மேடம். வேற எடம் எங்களுக்குத் தெரியாது.”

தப்பு செய்தவள் நான். பயப்பட வேண்டியிருந்தது அவருக்கு. அனுப்ப மாட்டோம் என்று மூன்று தடவை சொன்னேன். நான் சொல்வதை அவர் எப்படி நம்புவார்? கிளம்பும்போது, காபி சாப்பிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் மையத்தை நடத்துகிறவரிடமும் டாக்டரிடமும் சொன்னேன். அதற்கு முந்தின இரவே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். வேலை போகலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. டாக்டர் கோப்பை வாங்கித் தான் எழுதியதை அடித்துக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு என்னிடம் வேலை விஷயம் தவிர அவர் பேசியதில்லை. மையத்தை நடத்துகிறவர் பழைய படிவங்களைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார்.

“நான் பொய் எழுதச் சொன்னேனாம்மா?”

“இல்ல சார்.”

“சொல்லாம சொல்லிட்டேனோ?”

அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. எல்லாருக்கும் மறுபடி போன் பண்ணு, என்ன வருகிறதோ அதை அப்படியே எழுது என்றார்.

பழைய படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். இரண்டு மாதம் ஆனது. பல எண்கள் செத்துப்போயிருந்தன. ஒருவன் மாத்திரையை விட்டுவிட்டுக் குடிக்க ஆரம்பித்திருந்தான். இன்னொருவனின் அக்கா, கல்யாணப் பேச்சு நடக்கிறது, தயவுசெய்து இனிமேல் இந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள் என்றாள். வேறு இரண்டு இடங்களில் சேர்ந்து, அங்கிருந்தும் திரும்பிவிட்டவன் ஒருவன். உண்மையாகவே நன்றாக இருந்தவர்களும் இருந்தார்கள். ஒருவன் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் வேலை செய்துகொண்டிருந்தான்; டீ பிரேக்கில் பேசுகிறேன் என்று சொல்லி, சொன்னபடியே பேசினான். அவன் நன்றாக இருக்கிறான் என்று ஒரு வருடம் முன்பே நான் எழுதியிருந்தேன். அது உண்மையாக இருந்ததற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு வீட்டில் அப்பா எடுத்தார்.

“அவன் இல்லம்மா.”

“எப்போ வருவாருங்க?”

“அவன் இல்லம்மா” என்று இன்னொரு தடவை சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் இறந்த தேதியைச் சொன்னார். அதற்குப் பிந்திய தேதியில் நான் அவனுக்கு ‘தொடவில்லை’ என்று டிக் போட்டிருந்தேன்.

அன்றைக்கு அதற்குமேல் யாருக்கும் போன் செய்ய முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்த அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது தடவை நாற்பத்தைந்து நாள் முடிந்து போனபிறகு, படிவத்தில் சொன்னபடி இல்லாமல், வாரம் ஒரு தடவை அவனுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, “அக்கா, போட்டுட்டேன், முந்தா நேத்து” என்றான். “இப்பவே கிளம்பி வா” என்றேன். வந்தான். டாக்டர் பார்த்தார், மருந்து மாற்றினார், படுக்க வைக்கவில்லை, அன்று இரவே வீட்டுக்குப் போனான். அவ்வளவுதான் நடந்தது. முதல் தடவையும் அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும். மிஞ்சிப் போனால் ஒரு கட்டில், ஒரு நாள், ஒரு டாக்டர். அதற்குப் பதிலாக அவனுக்குப் பன்னிரண்டாவது போனது, பல் போனது, கிட்டத்தட்ட ஒரு வருடம் போனது.

இந்தச் சிகிச்சையெல்லாம் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பலிக்கிறதா என்று இப்போது பெற்றவர்கள் கேட்கிறார்கள். சிலருக்குப் பலிக்கிறது, பலருக்கு முதல் தடவையில் பலிப்பதில்லை, திரும்பத் தொட்டவுடன் சொல்ல ஒரு ஆள் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பலிக்கிறது, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்கிறேன். சிலர் அதைக் கேட்டுவிட்டு வேறு மையத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே இன்னும் நல்ல பதில் கிடைக்கும்போல. நான் அவர்களைத் தடுப்பதில்லை. பலித்ததா இல்லையா என்று பார்க்க வைத்த கண்ணாக நான் இருந்தேன். அந்தக் கண்ணை மூடி வைத்திருந்தேன். அந்த இரண்டு வருடங்களில் எத்தனை பையன்கள் ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்பது எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

அவனுக்கு இப்போது பத்தொன்பது வயது. எலக்ட்ரீஷியன் ஐடிஐ சேர்ந்து முடிக்கப்போகிறான். பல் கட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை போன் மாதம் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. போன மாதம் கேட்டபோது “நல்லாத்தான் கீறேன்க்கா” என்றான். இருப்பான் என்று நம்புகிறேன். சில சமயம், என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பொய் சொல்லப் பழகிய பையன் ஆயிற்றே என்று ஒரு பயம் வரும். நேரில் வா, பார்க்க வேண்டும் என்பேன். சிரித்துக்கொண்டே வருவான்.

அவன் அம்மாவைப் போன வாரம் குன்றத்தூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் டிஃபன் பாக்ஸ் பை. நான் முதலில் பார்த்துவிட்டேன்; அப்புறம் அவரும் பார்த்தார். “நல்லா இருக்கீங்களாம்மா?” என்றேன். “இருக்கேன் மேடம்” என்றார். பத்து நிமிடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். பஸ் வந்ததும் அவர் முன்வாசல் வழியாக ஏறினார். அங்கே அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. நான் பின்வாசல் வழியாக ஏறி நின்றுகொண்டேன்.